தளங்கள் எடுக்கும் கமிஷன் போக, பழைய நாணயங்களை இணையத்தில் விற்று லாபம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எனக்கு முதல் ஒன்றரை வருடம் முடியவில்லை. மாதக் கடைசியில் விற்றுமுதலைக் கூட்டிப் பார்த்தால் மனசு நிறையும். வங்கிக் கணக்கைத் திறந்தால் போட்ட முதலே குறைந்திருக்கும். அப்போது நானும் உங்களைப் போலத் தளத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கமிஷன் இன்றைக்கும் குறையவில்லை. மாறியது நான் நாணயம் வாங்குகிற விதம்தான்.

முதலில் என் கணக்குப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். தளம் 15 சதவீதம் எடுக்கிறது என்றால், அடக்க விலை மேல் 15 சதவீதம் ஏற்றி வைத்தால் முதல் தப்பிவிடும் என்று நினைத்தேன். 100-க்கு வாங்கியதை 115-க்குப் போட்டேன். தளம் அந்தப் 15 சதவீதத்தை என் 100-இலிருந்து எடுக்கவில்லை, விற்ற 115-இலிருந்து எடுத்தது. போனது 17.25, கைக்கு வந்தது 97.75. ஒவ்வொரு விற்பனையிலும் இரண்டேகால் நஷ்டத்தை நானே பொட்டலம் கட்டி, முகவரி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்! முதல் திரும்ப வரவேண்டுமென்றால் 100-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 117.65. லாபம் என்ற பேச்சே அதற்கு மேல்தான்.

அதோடும் நிற்பதில்லை. இபே (eBay) என்கிற ஏலத் தளத்தில் கமிஷன் நாணயத்தின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. வாங்குகிறவர் கட்டும் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்குப் போடப்படுகிறது. ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தனியாகப் பிடிக்கும் தளங்களும் உண்டு. நம் பட்டியலை முன்னால் காட்டச் சொன்னால் அதற்கு இன்னொரு சதவீதம். உங்கள் தளம் எதையெல்லாம் பிடிக்கிறது என்று அவர்களுடைய கட்டணப் பக்கத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் அதைப் படிக்கவே ஆறு மாதம் ஆனது.

இப்போது கணக்கைத் தலைகீழாகப் போடுகிறேன். ஒரு நாணயம் சாதாரணமாக 100-க்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். கமிஷன் 15, பதிவுத் தபால் 7, உறை அட்டை வகையறா 2, திரும்பி வருகிறவற்றுக்கும் தொலைகிறவற்றுக்கும் ஒதுக்குவது 3, என் உழைப்புக்கு 15. மிச்சம் 58. இந்த 58-தான் நான் கொடுக்கக்கூடிய உச்ச விலை. இதைக் கணக்கிடாமல் எந்த ஏலத்திலும் கை தூக்குவதில்லை.

அந்த 100 எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த சிக்கல். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், கேட்பதற்குக் காசா பணமா? விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி இபேயில் இருக்கிறது. அதில் அதே வருடம், அதே தரம் உள்ள ஐந்தாறு விற்பனைகளை எடுத்து நடுவிலிருக்கும் விலையை எடுத்துக்கொள்வேன். இரண்டு பேர் வீம்புக்கு மோதிக்கொண்ட ஏலம் ஒன்று எப்படியும் அதில் இருக்கும். அதை நம்பிக் கனவு காணக்கூடாது.

எந்த நாணயம் என்று கேட்டால், என் அனுபவத்தில் இரண்டு ஓரங்களும் நஷ்டம். ஒரு ஓரத்தில் வெள்ளி விலைக்கே போகிற நாணயங்கள். என் முதல் பெரிய ஏமாற்றம் மரியா தெரசா தாலர், ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் முகம் போட்ட வெள்ளி நாணயம். 1780 என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. இருநூறு வருடப் பழைய பொருள் கையில் மாட்டிவிட்டது என்று இரவு தூக்கமே வரவில்லை. அந்த அம்மா இறந்தது 1780-இல். வணிகத்துக்கு அந்த நாணயமே வேண்டும் என்று ஆட்கள் கேட்டதால், அதே வருடத்தைப் போட்டு இருபதாம் நூற்றாண்டிலும் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எடை 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. அவ்வளவுதான். வெள்ளி விலை வாங்குகிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் கொடுப்பது சில சதவீதம், தளம் எடுப்பது அதைவிட அதிகம். இந்த ரகத்தை இப்போது தளத்தில் போடுவதே இல்லை. நாணயச் சந்தையில் நேரில் கைமாற்றிவிடுகிறேன்.

இன்னொரு ஓரத்தில் மலிவு நாணயங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. ஒற்றை நாணயமாக விற்றால் தபாலும் நிலையான பிடித்தமும் சேர்ந்து விழுங்கிவிடும். இவற்றைக் குவியலாகக் கட்டுவேன். கண்டபடி கட்டினால் எடைக்கு எடைதான் கிடைக்கும். கப்பல் படம் போட்டவை பன்னிரண்டு, பறவைகள் பதினைந்து, நடுவில் ஓட்டை உள்ளவை இருபது என்று பிரித்துக் கட்டினால் பிள்ளைகளுக்குப் பரிசு தேடுகிறவர்கள் வாங்குவார்கள். ஒரு ஆர்டர், ஒரு தபால், ஒரு பிடித்தம்.

காசு இருப்பது நடுவில், அதாவது நமக்குத் தெரிந்தது விற்கிறவருக்குத் தெரியாத இடத்தில். மங்கலான படத்தோடு 'பழைய நாணயங்கள், கலவை' என்று மொத்தமாக விற்கப் போட்டிருக்கும் லாட்டுகளைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் என் மாலை வேலை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நான் தேடுவது சின்ன வித்தியாசங்களை. ஒரே வருடம், ஒரே முகம், ஆனால் எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் அச்சுச்சாலைக் குறி மட்டும் வேறு என்றால் விலையே வேறாகிவிடும். லிங்கன் முகம் போட்ட 1909-ஆம் வருட அமெரிக்க ஒரு சென்ட் காசில் வடிவமைத்தவரின் முதலெழுத்துகளான 'வி.டி.பி.' உள்ள ரகத்தைப் பாருங்கள். பிலடெல்பியாவில் அடித்தது இரண்டே முக்கால் கோடிக்கு மேல். வருடத்தின் கீழே 'எஸ்' எழுத்தோடு சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது 4,84,000 மட்டும். அந்த ஒரு எழுத்தைச் சாதாரணக் காசில் ஒட்டி விற்கிறவர்களும் இருப்பதால், தரச்சான்று இல்லாமல் இதை நான் தொடுவதில்லை.

ஒருமுறை ஒரு லாட்டில் 1943 சென்ட் ஒன்று செம்பு நிறத்தில் வந்தது. போர்க்காலத்தில் செம்பு வேறு வேலைக்குத் தேவைப்பட்டதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில்தான் சென்ட் அடித்தார்கள்; தவறிப்போய் வெண்கலத்தில் விழுந்த மிகச் சிலவற்றுக்குப் பெரும் விலை. கை நடுங்க ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. தராசில் வைத்தால் 2.7 கிராம், வெண்கலமாக இருந்தால் 3.1 காட்டியிருக்கும். யாரோ எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். காந்தத்தோடு ஒட்டியபடியே அது இன்னும் என் மேஜை விளக்கில் தொங்குகிறது. 0.01 கிராம் காட்டும் தராசு, காந்தம், பத்து மடங்கு லென்ஸ் மூன்றும் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். நான் தேய்த்தேன். ஒரு நல்ல வெள்ளி நாணயத்தை உலோகப் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். படத்தைப் பார்த்த ஒருவர் ஒரே ஒரு வரி கேட்டார்: "கழுவினீங்களா சார்?" பாதி விலைக்குத்தான் போனது. புது நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சக்கரம் போலச் சுற்றும். அச்சு அழுத்தும்போது உலோகம் ஓடிய நுண்கோடுகள் தரும் பளபளப்பு அது. தேய்த்தால் அந்தக் கோடுகள் போய், மயிரிழைக் கீறல்கள் வந்துவிடும். தரச்சான்று நிறுவனங்களும் அப்படிப்பட்டதற்கு எண் போடாமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பிவிடும்.

தரச்சான்று என்றதும் நினைவுக்கு வருகிறது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, நாணயத்தைப் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். விற்பது சுலபமாகும், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கட்டணம், போக வரத் தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை. சான்றால் விலை அதைவிடத் தெளிவாகக் கூடினால் மட்டும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் அனுப்புவது வீண்.

திரும்பி வரும் சரக்கைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவர் நான் அனுப்பிய நாணயத்தை வைத்துக்கொண்டு, அதே வருடத்துத் தேய்ந்த நாணயத்தைத் திருப்பி அனுப்பினார். தளம் அவர் பக்கம் நின்றது; பணம் போனது. அன்றிலிருந்து விளிம்பில் உள்ள சின்னக் கீறல், புள்ளி எல்லாவற்றையும் நெருக்கத்தில் படமெடுத்துப் பட்டியலிலேயே போட்டுவிடுகிறேன், தராசுப் படம் உட்பட. பொட்டலம் கட்டுவதையும் செல்போனில் பதிவு செய்கிறேன். குறையைக் காட்டினால் விலை குறையும் என்று பயந்தேன். திரும்பி வருவதுதான் குறைந்தது. உறைக்குள் நாணயம் குலுங்கக் கூடாது. மிருதுவான பிவிசி உறையில் நீண்ட நாள் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும், மைலார் என்கிற பாலியஸ்டர் தாள் உறை வாங்குங்கள்.

கமிஷனை மிச்சம் பிடிக்கத் தளத்தில் கிடைத்த ஆளோடு வெளியே வியாபாரம் பேசலாமா என்றால், வேண்டாம். தளத்தின் விதிக்கு விரோதம், கணக்கையே முடக்குவார்கள். பணம் வராமல் போனால் கேட்கவும் ஆளில்லை.

இதை முழுநேர வருமானமாக நான் பார்ப்பதில்லை. ஒரு நாணயத்துக்குப் படம், விவரம், பதில், பொட்டலம் என்று இருபது நிமிடமாவது போகிறது. உழைப்புக்கு என்று ஒதுக்கிய அந்தப் 15-ஐ நேரத்தால் வகுத்துப் பார்த்தால் சில நாள் சிரிப்புதான் வரும். வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கும் நாணயங்களும் டப்பாவில் உண்டு, அவற்றில் முடங்கிய பணமும் செலவுதான்.

ஏலம் பார்க்க உட்கார்ந்தால் உச்ச விலையை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன். போன வாரம் மனசுக்கு ரொம்பப் பிடித்த ஒரு நாணயத்துக்கு 58 என்று எழுதியிருந்தேன். 61-க்குப் போனது. இரண்டு நாள் வருத்தமாகத்தான் இருந்தது.