அப்பாவுக்குச் சூப் மட்டும் போதுமா?

ஆட்டுக்கால் சூப்பின் சத்தைப் பற்றி நீங்கள் அடுக்கியிருக்கும் கேள்விகளுக்கு நடுவே, போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தி என்னைக் கவலைப்பட வைக்கிறது. 68 வயதான உங்கள் தந்தை, சோறும் இட்லியும் நெஞ்சில் அடைப்பதாகச் சொல்லி இரண்டு மாதங்களாகச் சூப்பும் கஞ்சியும் மட்டுமே குடிக்கிறார். 58 கிலோவாக இருந்த எடை 53 ஆகிவிட்டது. அவர் ஏன் சூப்புக்கு மாறினார் என்பதையே முதலில் கண்டறிய வேண்டும்.

கெட்டியான உணவு முதலில் அடைத்து, நாளடைவில் குழைந்த உணவும் இறங்காமல் போவது, உணவுக்குழாய் குறுகிவருவதன் அடையாளமாக இருக்கக்கூடும். அமிலம் மேலேறிப் புண்ணாகி ஆறிய தழும்பினால் அப்படி ஆகியிருந்தால், பெரும்பாலும் உள்ளே பலூன் செலுத்தி விரித்துவிடலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம், நீங்கள் எழுதத் தயங்கிய சொல் அதுவாகத்தான் இருக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கு அந்த ஐயத்தை ஒதுக்கிவைக்கவே கூடாது. வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்து, தேவைப்பட்டால் சிறிது சதையெடுத்துச் சோதித்தால்தான் எதுவென்று தெரியும். இந்த வாரமே இரைப்பை குடல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கி அவர் விழுங்கிவரும் அமில மாத்திரை, எரிச்சலை அடக்கியதோடு இரண்டு மாதங்களையும் வீணாக்கியிருக்கிறது. தண்ணீரும் எச்சிலும்கூட இறங்காவிட்டாலோ, இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டாலோ, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அதுவரை வெறும் எலும்புச் சாற்றை நம்பாதீர்கள். அதில் பெரும்பகுதி நீரும் உப்புமே. எலும்பின் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாகவே கரைகிறது. அதிலுள்ள ஜெலட்டின் என்ற புரதமும் முழுமையானதல்ல; டிரிப்டோஃபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அதில் இல்லை. அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 53 கிராம் புரதமாவது தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் கிடைக்கும். ஆகவே வெந்த பாசிப்பருப்பு, அவித்த முட்டை, எலும்பில்லாத கறி ஆகியவற்றைச் சூப்போடு மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, நெய் சேர்த்து, நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். குடிக்கும்போது புரையேறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குக்கரில் வைத்தால் சத்தெல்லாம் செத்துவிடும் என்று யாரோ காணொளியில் சொன்னதை மறந்துவிடுங்கள். வைட்டமின் சி ஓரளவு குறையும். தாது உப்புகள் நீங்கள் குடிக்கும் அந்த நீரிலேயே இருக்கின்றன.

அடைப்பு எந்த மாதம் தொடங்கியது, எந்தெந்த உணவு நிற்கிறது என்பதை எழுதி, அந்த மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.