குளிர்கடலில் கயாக்: காலுக்கு என்ன போடுறது?

நோர்வே ஃபியோர்டுகளில (மலையளுக்கு நடுவில உள்ள ஒடுக்கமான கடல்) கயாக், அதாவது சின்னத் துடுப்பு வள்ளம், வலிக்கப் போற எங்கட ஆக்கள் கேட்டதுகளுக்கு, பேர்கன் பக்கம் கன வருசமா வலிக்கிற என்ர பதில்கள்.

கேள்வி: அண்ணை, மே கடைசியில நேரோய்ஃபியோர்ட் போறம். மலையேறுற கோர்டெக்ஸ் (தண்ணி புகாத துணி) சப்பாத்து இருக்கு. காணுமோ?

பதில்: காணாது. ஏறி இறங்க முழங்கால் தண்ணியில நிக்கவேணும். சப்பாத்தின்ர வாயால உள்ள போன தண்ணியை அதே கோர்டெக்ஸ் வெளிய விடாது. நாள் முழுக்க ஊறின கால்தான்.

முழங்கால் வரைக்கும் வாற, 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் பூட்ஸ் பாருங்கோ. அந்த றப்பருக்குள்ள இருக்கிற வாயுக் குமிழிகள்தான் குளிரை மறிக்கிறது. காலோட ஒட்டி இருக்கவேணும், ஆனா விரல் அசையவேணும். இரத்தம் ஓடாத கால் எந்தத் தடிப்பிலயும் விறைக்கும்.

வாங்க முதல் உங்கட கயாக்கிலேயே போட்டிருந்து பாருங்கோ. நான் முதல் வாங்கினதுக்கு அடி தடிப்பு. காலைச் சரிச்சாலும் நுனி மேல்தட்டில முட்டும். கவிண்டு வெளிய வரேக்க அது கொழுவினால் கதை வேற. நாடா கட்டுறதும் வேண்டாம், கயாக்குக்குள்ள கால் ஊண்டுற மிதியில சிக்கும்.

பனி உருகி வாற தண்ணி கலக்கிற காலம். வெயிலைப் பாத்து உடுக்காதேங்கோ, தண்ணியைப் பாத்து உடுங்கோ.

கேள்வி: ட்ரைசூட்டில (தண்ணி உள்ள போகாத முழு உடுப்பு) துணிச் சொக்ஸ் சேர்ந்தே வருது. அதுக்கு மேல?

பதில்: உள்ள கம்பளிச் சொக்ஸ், மேல ஒரு அளவு பெரிய பூட்ஸ். போட முதல் பூட்ஸைத் தட்டுங்கோ. ஒரு மணல் போதும், அரைச்சு ட்ரைசூட் சொக்ஸில ஓட்டை போட.

கேள்வி: றப்பர் பூட்ஸில தண்ணி நிரம்பினால் ஆளை அடியில இழுக்குமாமே?

பதில்: இழுக்காது. தண்ணிக்குள்ள தண்ணிக்கு ஏது பாரம்?

கேள்வி: அண்ணை, பிழையாச் சொல்லாதேங்கோ. என்ர மாமா ஊரில கடற்றொழில் செய்தவர், பூட்ஸோட விழுந்தால் முடிஞ்சுதெண்டுதான் சொல்லுவார்.

பதில்: மாமா சும்மா சொல்லேல்லை, காரணம்தான் வேற. நான் இடுப்பளவு தண்ணியில வேணுமெண்டே விழுந்து பாத்தனான். மிதந்தன். நீந்தக் கால் எழும்பேல்லை. கயாக்கில திரும்ப ஏற மூண்டு தரம் தெண்டிச்சன். காலைத் தண்ணிக்கு வெளிய தூக்கின உடனதான் உள்ள இருக்கிற முழுப் பாரமும் தெரியும். அதுக்குள்ள விரல் விறைச்சிட்டுது. கனடாவில மனிற்ரோபாப் பேராசிரியர் கீஸ்பிரெக்ட் சொல்லுற கணக்கு 1-10-1: ஐஸ் மாதிரித் தண்ணியில மூச்சை அடக்க ஒரு நிமிசம், கைகால் சொல்வழி கேக்கிறது பத்து நிமிசம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். அந்தப் பத்து நிமிசத்தைப் பூட்ஸோட மல்லுக்கட்டிச் செலவழிக்கேலாது.

கேள்வி: அப்ப இழுக்கும் எண்டுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. ஏற விடாது. இரண்டும் ஒண்டில்லை.

கேள்வி: கோர்டெக்ஸ் சப்பாத்து சரிவருமோ?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நியோப்ரீன் நாறுது.

பதில்: ஒவ்வொரு தரமும் நல்லதண்ணியில அலசி, உட்பக்கம் வெளிய திருப்பி, நிழலில காய விடுங்கோ. ஹீற்றருக்கு மேல வைச்சால் ஒட்டு விடும்.

கேள்வி: கைக்கு என்ன போட?

பதில்: இண்டைக்குக் கால் மட்டும்.

கேள்வி: கோர்டெக்ஸ் சப்பாத்துக்கு மேல பொலித்தீன் பை கட்டினால்?

பதில்: தம்பி, முதல் பதில். திரும்பவும் சொல்லுறன், தண்ணியைப் பாத்து உடுங்கோ.

கேள்வி: க்ரொக்ஸ்?

பதில்: கூடாரத்தடியில போடுங்கோ. கடலில கழண்டு உங்களுக்கு முன்னால கரை சேரும்.