பேத்தியை நானே வளர்க்கவா?

கேள்வி: நான் கல்லடியில் இருக்கிறேன். மகளுக்கு இது முதல் பிள்ளை, மூன்று மாதம். மருமகன் கட்டாரில். துடக்குக் கழித்த பிறகும் மகள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. பிள்ளை நித்திரையானாலும் இவள் நித்திரை கொள்வதில்லை. பிள்ளை சிரித்தாலும் முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது பிள்ளையும் தாயைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புகிறது. நாவூறும் கழித்துப் பார்த்தாயிற்று. 2004 சுனாமியில் மூத்த மகனைப் பறிகொடுத்தவள் நான். பேத்தி அழுதால் நெஞ்சு பதறுகிறது. பால்மாவைக் கொடுத்து நானே வளர்த்துவிடலாமா?

பதில்: அன்புள்ள அம்மா,

வேண்டாம். பிள்ளையை மகளின் கையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை, அவளுக்குச் சுகமில்லை.

பிள்ளை பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் சும்மா சும்மா அழுகை வருவது வழமை, தானாகவே போய்விடும். மூன்று மாதமாகியும் பசியும் நித்திரையும் திரும்பவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வளர்ந்துவரும் நாடுகளில் பிள்ளை பெற்ற ஐந்து பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. உங்கள் ஒழுங்கையிலேயே இன்னொருத்தி வாய் திறக்காமல் இருக்கக்கூடும்.

பிள்ளை முகத்தைத் திருப்புவதை நீங்கள் கவனித்தது பெரிய விஷயம். 1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர், பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய்மாரைச் சில நிமிடம் முகத்தை அசைக்காமல் இருக்கச் சொன்னார். பிள்ளைகள் சிரித்துப் பார்த்தன, சத்தம் போட்டுக் கூப்பிட்டன. தாய் அசையாததும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு தாய் பழையபடி கொஞ்சத் தொடங்க, பிள்ளைகளும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பேத்தி தாயை வெறுக்கவில்லை, அம்மா. பதில் வராததால் சோர்ந்திருக்கிறாள். தாய் தேறினால் அவளும் திரும்புவாள்.

அதனால் முதலில் மகளைப் பாருங்கள். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் இரண்டு பேரும் போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அவரிடம் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாள் உண்டு, மகளின் மனநிலையை அதில் அறியலாம். தேவையென்றால் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தாய்ப்பால் கொடுப்பதை டொக்டரிடம் சொல்லுங்கள், பால் கொடுக்கும்போதே குடிக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும்கூட ஆளை இப்படிப் படுக்க வைக்கும், அதற்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று மகள் சொன்னால், இல்லாத சத்தம் கேட்கிறது என்றால், ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

வீட்டில், சமையலையும் துணி துவைப்பதையும் நீங்கள் எடுங்கள். இரவில் ஒரு நான்கைந்து மணித்தியாலம் மகள் தொடர்ந்து நித்திரை கொள்ள விடுங்கள். பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருங்கள். மடியில் கிடக்கும் பிள்ளைக்குத் தாயின் முகம் நன்றாகத் தெரியும் தூரம் அதுதான். “இஞ்ச பார், உன்னைத்தான் பார்க்கிறாள்” என்று மகளுக்குச் சொல்லுங்கள், அது போதும். மருமகன் வீடியோ கோலில் வந்தால், “ஏன் அழுகிறாய்” என்று கேட்காமல் “சாப்பிட்டியா, படுத்தியா” என்று கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை எழுதத் தயங்கினேன். பேத்தி அழுததும் ஓடிப்போய்த் தூக்குகிறீர்களா? அந்தப் பதற்றம் எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் முந்தினால், தன்னால் முடியாது என்றே மகள் நினைப்பாள். ஒரு மூச்சு பொறுங்கள், அவள் எழும்புகிறாளா என்று பாருங்கள். மகனுக்காக நீங்கள் யாரிடமும் வாய்விட்டு அழவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் போகும் அன்று, மகளுடைய கதை முடிந்ததும், உங்கள் கதையையும் சொல்லுங்கள்.