வட சென்னையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை இடிக்காமல் ஊருக்கு ஓர் அடையாளமாகக் காப்பாற்ற முடியுமா?

முடியும். நூறு வருஷம் தாண்டிய வீடு, ஒரு காலத்தில் முன்கட்டில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது, இப்போது பங்காளிகள் பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பாட்டி வீட்டுக் கதையும் இதேதான், நாங்கள் கோட்டை விட்டோம்.

ஒருநாள் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவுக்குப் போய் வாருங்கள். வள்ளலார் சிறு குழந்தையாக வந்து, 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பும்வரை வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. திருவொற்றியூர் கோயிலிலிருந்து நேரங்கழித்து வந்து, பசியோடு திண்ணையில் படுத்துவிட்டவருக்கு வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்பார்களே, அந்தக் கதை நடந்த வீடு. குடும்பம் புழங்கும் வீடாகவே இருந்து, கும்பிட வந்தவர்களுக்குக் கதவையும் திறந்துவிட்டதால்தான் அது இத்தனை காலம் நின்றது என்று நினைக்கிறேன். அதே பக்கம் ஆர்மீனியன் தெருவில், அன்னி பெசன்ட் முயற்சியில் எழுந்த கோகலே ஹாலைப் பாருங்கள், எத்தனை கூட்டம் நடந்த இடம், பாதி இடிபட்டுக் கோர்ட் வரை போனது.

சட்டம் என்று பார்த்தால், சிஎம்டிஏ-வில், அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில், மரபுக் கட்டடங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது, 2012-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஒரே முடிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எந்த மனுவும் நகராது.

அப்புறம், தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள். எங்கள் வீடு சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே தேக்கு உத்தரம் போட்டு, சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. ஓதம் ஏறுகிறது என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் அடித்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. உள்ளேயே தங்கிய ஈரம் அதற்கு மேலே ஏறி, இரண்டே மழைக்காலத்தில் இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்து, விரல் வைத்தால் செங்கல் மாவாக உதிர்ந்தது. அதைக் காட்டித்தான் "வீடு தாங்காது, இடிச்சிடலாம்" என்றார்கள். பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள், பழைய கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள், இருந்தால் மேலாக ஒடிக்காமல் வேரோடு எடுத்துவிட்டு, அந்தப் பிளவைச் சுண்ணாம்பாலேயே அடையுங்கள்.