கட்டம் போட்ட துணியும் கறுப்பு மையும்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஆடை வடிவமைப்பு இறுதியாண்டு படிக்கிறேன். படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் எட்டு உடைகள் கொண்ட ஒரு தொகுப்பு தைத்து மேடையேற்ற வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்கா. இணையத்தில் வாக்ஸ் பிரின்ட் துணி வாங்கினேன். கானா நாட்டு நெசவான கென்ட்டேயின் வடிவத்தை டி-ஷர்ட் துணியில் அச்சடிக்கவும் ஏற்பாடு செய்தேன். பார்த்த ஆசிரியர் ஒருவர், “வாக்ஸ் பிரின்ட் ஆப்பிரிக்கத் துணியே இல்லை, டச்சுக்காரன் சரக்கு. அசலாக ஏதாவது செய்” என்றார். அசலைத் தொட்ட பெரிய நிறுவனங்களையோ உலகமே திருடர்கள் என்கிறது. அப்படியென்றால் நான் எதைத்தான் தைப்பது? போதாததற்கு, மேடையில் நடக்கப்போகும் தோழிகளுக்கு முகத்தில் கறுப்பு மை பூசி, எலும்பு மாலை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நிகழ்ச்சியை அமைப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று அவர்களுக்கு விளக்கவும் தெரியவில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஆசிரியர் சொன்ன தகவல் சரி, அதிலிருந்து அவர் வந்த முடிவுதான் தவறு.

வாக்ஸ் பிரின்ட், அதாவது மெழுகு அச்சுத் துணி, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணியைப் பார்த்து ஐரோப்பியர் இயந்திரத்தில் செய்த நகல். நெதர்லாந்தின் ஹெல்மண்ட் ஊரில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. துணியின் இரண்டு பக்கமும் பிசின் பூசிச் சாயத்தில் முக்குவார்கள். பிசின் வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கோடுகள் ஒரு துணியைப் போல மறுதுணி இல்லாமல் செய்தன, அதுவே அங்கே பிடித்துப்போனது.

துணி வந்து இறங்கிய பிறகு நடந்ததைத்தான் உங்கள் ஆசிரியர் விட்டுவிட்டார். ஆலையிலிருந்து வரும்போது அந்த வடிவங்களுக்கு எண்தான் உண்டு. பெயர் வைத்தவர்கள் சந்தையில் துணி விற்ற பெண்கள். திறந்த கூண்டும் அதிலிருந்து பறக்கும் பறவையும் கொண்ட ஒரு வடிவத்துக்கு அவர்கள் வைத்த பெயர், ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’. வீட்டில் தங்காத கணவனிடம் மனைவி வாயைத் திறக்க வேண்டியதில்லை, அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தால் போதும். டோகோவின் லோமே நகரத்தில் இப்படிப்பட்ட மொத்த வியாபாரப் பெண்களை ‘நானா பென்ஸ்’ என்பார்கள். ஒவ்வொருவரும் சில வடிவங்களுக்குத் தனி விற்பனை உரிமை வைத்திருந்தார்கள். அவர்கள் வாங்கிய மெர்சிடஸ் கார்களால் வந்த பெயர் அது. எந்த வடிவம் ஓடும், எது கிடங்கில் தூங்கும் என்பதை ஹெல்மண்டுக்காரர்கள் அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1994-இல் அங்கே புழங்கிய சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். டச்சுத் துணியின் விலை எகிறியது, பின்னாலேயே மலிவான சீன நகல்கள் வந்தன. அந்தப் பெண்களின் காலம் அத்தோடு சரிந்தது.

ஆகவே வாக்ஸ் பிரின்ட்டை ‘டச்சுக்காரன் சரக்கு’ என்று ஒரே வரியில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதை வேண்டாம் என்பவர்களுக்கும் வலுவான காரணம் உண்டு. லாபத்தின் பெரும்பகுதி எங்கே போனது என்று கேட்டாலே போதும். கேமரூனில் பிறந்த ஆடை வடிவமைப்பாளர் இமானே அய்சி 2020 ஜனவரியில் பாரிஸின் உயர்தர ஆடை வாரத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற்றார். அவர் வாக்ஸ் பிரின்ட்டைத் தொடுவதில்லை. கைத்தறியும் ராஃபியா நாரும் மரப்பட்டைத் துணியும் இருக்கும்போது அது எதற்கு என்பது அவர் கட்சி. லாகோஸில் வளர்ந்த கலைஞர் யிங்கா ஷோனிபாரே நேர் எதிர். லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில் அந்தத் துணியை வாங்கி, விக்டோரியா காலத்து உடையாகத் தைத்து, தலையில்லாத உருவங்களுக்கு மாட்டுகிறார். அதன் கலப்புப் பிறப்புதான் அவருக்கு வேண்டியிருக்கிறது. நீங்கள் வாங்கிய துணியை எறிய வேண்டாம், ஆனால் இந்த இருவரில் எவர் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள்.

இனி, நம்மூர்த் துணியே ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்த ஒரு கதை.

நைஜீரியாவில் நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத் தீவுகளில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். புகுமா, அபொன்னேமா ஆகியவை அவர்களின் ஊர்கள். மீன்பிடித்தலும் வணிகமும் தொழில், நெசவு அவர்கள் தொழிலல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உயிராக மதிக்கும் துணி நம்மூர்க் கட்டம் போட்ட பருத்தி. ஏற்றுமதிப் பெயர் ‘அசல் மெட்ராஸ் கைக்குட்டை’. கைக்குட்டை என்பது பெயரளவில்தான், போனதெல்லாம் இடுப்பில் சுற்றிக் கட்டும் நீளத் துணி. சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆந்திரத்தின் சீராலாவிலும் கைத்தறியில் நெய்து, ஆங்கிலேய வணிகர்கள் கை வழியாக மேற்கு ஆப்பிரிக்கா போனது. கலபாரிகள் அதை இஞ்ஜிரி என்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு அந்தத் துணி வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் இறந்தால், பரம்பரைப் பெட்டியில் இருக்கும் துணிகளை எடுத்துச் சடங்குக் கட்டில்களை அலங்கரிக்க வேண்டும், அதிலும் அந்தத் துணி இருக்கும்.

இதோடு நின்றிருந்தால் இறக்குமதித் துணியை விரும்பிய ஒரு மக்களின் கதை என்று விட்டுவிடலாம். கலபாரிப் பெண்கள் அந்தத் துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. மடியில் துணியை விரித்து, ஊசி முனையால் ஓர் இழையை மேலே தூக்குவார்கள். பெரும்பாலும் வெளிர்நிற இழை. சவர பிளேடால் அதை இரண்டு இடங்களில் அறுத்து, நடுத்துண்டை உருவி எடுப்பார்கள். அடுத்த இழை, அதற்கடுத்த இழை. பாவில் கொஞ்சம், ஊடையில் கொஞ்சம். எந்த இழையை விட்டுவைப்பது என்பது கையின் கணக்கு. ஓர் இழை தவறினால் துணியே பாழ். நாள்கணக்கில் இப்படி எடுத்தபின் கட்டங்கள் கரைந்து, இருண்ட இழைகளால் ஆன வேறொரு கோலம் எழும். துணி வலைபோல மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கிடையே துளைகள் தெரியும். அதற்குப் பெயர் பெலெட்டே பிட்டே, வெட்டிய துணி. ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் உண்டு. ஆண்களும் பெண்களும் உடுத்துகிறார்கள். கண்டால் கலபாரி என்று நைஜீரியாவில் அடையாளம் சொல்லிவிடலாம்.

ஜோவன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் டோன்யே எரெக்கோசிமா என்ற கலபாரி ஆய்வாளரும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த பொருளைத் தேர்ந்தெடுத்து, பெயர் சூட்டி, தம் சடங்குக்குள் இடம் கொடுத்து, கடைசியில் அதன் உருவத்தையே மாற்றித் தமதாக்கிக்கொள்வதை அவர்கள் படிப்படியாக விளக்குகிறார்கள். வடிவமைப்பு என்று உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைவிட வேறொன்றா? நெய்தவன் தமிழனோ தெலுங்கனோ, விற்றவன் வெள்ளைக்காரன். ஆனாலும் அந்தத் துணி கலபாரியுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் துணிதான் அங்கே போய்ப் பெருமை பெற்றது என்று மார்தட்ட இங்கே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நாம் அனுப்பியது கட்டம் போட்ட லுங்கித் துணி, அவ்வளவுதான்.

துணியை வெட்டுவது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. மாலி நாட்டில் பெண்கள் சேற்றால் சாயமிடும் பொகொலான்ஃபினி என்ற துணி உண்டு. அதில் வரையும் குறிகளுக்குப் பொருள் உண்டு, வேட்டைக்காரர்களும் வாழ்க்கைக் கட்டங்களைக் கடக்கும் பெண்களும் அதை உடுத்தினார்கள். அதைப் பாரிஸ் வெட்டில் கோட்டும் குட்டைப் பாவாடையுமாக்கிப் புகழ்பெற்ற கிறிஸ் செய்டூ மாலிக்காரர்தான். அவருக்கே முதலில் அந்தத் துணியில் கத்திரி வைக்கக் கை வரவில்லை. பிறகு பொருள் செறிந்த பழைய குறிகளை விட்டு, எளிமையாக்கிய வடிவங்களை வைத்துத் தைத்தார். 1994-இல் இறந்தார். இந்தத் தயக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் கென்ட்டே டி-ஷர்ட்டைப் பற்றிப் படித்தபோது அந்தத் தயக்கம் உங்களிடம் தென்படவில்லை.

கென்ட்டே கானாவின் அசாந்தி மக்களும் ஏவே மக்களும் நெய்வது. நான்கு விரற்கடை அகலத்தில் நாடாவாக நெய்து, நாடாக்களைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து முழுத் துணியாக்குவார்கள். குமாசிக்கு அருகிலுள்ள போன்வீரே இதற்குப் பேர்போன ஊர். கானாவை ஆண்ட குவாமே நிக்ரூமா எகிப்தியப் பெண்ணான ஃபாத்தியாவை மணந்தபோது ஒரு வடிவத்துக்கு ‘நிக்ரூமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா’ என்று பெயர் வழங்கியது. 1966-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. நெசவாளிகள் வடிவத்தைக் கைவிடவில்லை, பெயரை மட்டும் மாற்றினார்கள்: ‘ஒருவரே நாட்டை ஆள முடியாது’. அதே நூல், அதே நிறம், நேர்மாறான அரசியல்! இப்படிப்பட்ட துணியை இணையத்தில் தேடி, அழகாக இருந்த ஒன்றை இறக்கி, டி-ஷர்ட்டில் அச்சடித்தால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. சட்டமும் இருக்கிறது. கானாவின் பதிப்புரிமைச் சட்டம் 1985 முதல் நாட்டார் வடிவங்களைக் காக்கிறது, 2005-இல் வந்த புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கென்ட்டே நெசவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அச்சடித்த கென்ட்டேயால் வயிற்றிலடிபடுவது தறியில் உட்கார்ந்திருப்பவர்தான். அச்சடித்த ‘சுங்குடி’யால் மதுரையில் முடிச்சு போடுபவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த டி-ஷர்ட்டை விட்டுவிடுங்கள்.

‘திருட்டு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் சோசா இன இளைஞர்கள் விருத்தசேதனச் சடங்கு முடிந்து திரும்பியதும் பழைய உடைகளை விட்டு, சில மாதங்களுக்குப் புதிய, கண்ணியமான உடை உடுத்த வேண்டும் என்பது வழக்கம். கடையில் கிடைத்ததோ ஐரோப்பியப் பாணிக் கம்பளிச் சட்டைகள். லடூமா நக்சொகோலோ என்ற மாணவர், தம் மக்களின் மணிவேலை வடிவங்களைப் பின்னலில் கொண்டுவந்து அந்த இளைஞர்களுக்காகவே சட்டைகளை வடிவமைத்தார். உள்ளூர் ஆட்டு ரோமம், உள்ளூர்த் தேவை. மகோசா என்ற பெயரில் அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2018-இல் பன்னாட்டு ஆடை நிறுவனமான ஜாராவின் கடைகளில் விற்ற காலுறைகளில் தன் வடிவம் அச்சாக இருப்பதை அவர் கண்டார், வழக்கறிஞர் மூலம் எதிர்த்தார், ஜாரா காலுறைகளைத் திரும்பப் பெற்றது. கவனியுங்கள், அவர் செய்த வேலையும் பழைய மணிவேலையிலிருந்து எடுத்ததுதான். ஆனால் யாருக்காக, எதற்காக எடுத்தார் என்பது அவருக்குத் தெரியும், கேட்டால் பதில் சொல்ல ஆளாக அவர் நிற்கிறார். காலுறையில் அந்த வடிவம் ஏன் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நீங்கள் மாணவி, ஜாரா அல்ல. கற்றுக்கொள்ள எதையும் தொடலாம் என்பதே என் கருத்து. ஆனால் தொகுப்பின் பெயரை மாற்றுங்கள். 54 நாடுகளை எட்டு உடைகளில் காட்ட யாராலும் முடியாது. ஒரே ஊரை எடுங்கள், அதன் பெயரைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் கலபாரியை எடுக்கச் சொல்வேன். அவர்கள் கோலங்களை நகலெடுக்க வேண்டாம். கைத்தறிக் கட்டத் துணி உங்களுக்கு எளிதில் கிடைக்கும். விசைத்தறித் துணி இழை உருவும்போது இழுபட்டு அறுந்துபோகலாம் என்பதால் முதலில் ஒரு முழம் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். ஊசியும் பிளேடும் எடுத்து நீங்களே இழையை நீக்கி, உங்களுக்கென்று ஒரு கோலம் கண்டுபிடியுங்கள். இந்த முறை யாரிடமிருந்து வந்தது என்பதை நிகழ்ச்சித் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். எட்டு உடைக்கு நேரம் போதாது, இரண்டு போதும் என்று ஆசிரியரிடம் வாதாடுங்கள்.

கறுப்பு மை விஷயம். 2015 அக்டோபரில் பாரிஸில் வலன்டினோ நிறுவனம் ஆப்பிரிக்காவைப் பொருளாக வைத்து ஒரு காட்சி நடத்தியது. கிட்டத்தட்ட தொண்ணூறு உடைகள் வந்தன, உடுத்தி நடந்தவர்களில் கறுப்பினப் பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை. வெள்ளைப் பெண்களுக்குத் தலையில் வரிவரியாகப் பின்னல் போட்டு அனுப்பினார்கள். உலகம் காறித் துப்பியது. அவர்கள்கூட மை பூசவில்லை.

உங்கள் அமைப்பாளர்கள் பூசச் சொல்கிறார்கள். ஒருவரின் தோலை ஒப்பனைப் பெட்டியில் அடைத்துக் கேலிக்கூத்தாக மேடையில் காட்டிய வரலாறு அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேல் நடந்தது, அதனால்தான் இன்று அங்கே அதைச் செய்தால் வேலை போகிறது. நமக்கு அந்த வரலாறு வேண்டியதில்லை, நம்முடையதே போதும். உங்கள் வகுப்பில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் குறைவா? அந்தப் பெண்களை இதுவரை எத்தனை மேடைகளில் பின்வரிசைக்குத் தள்ளினார்கள், எத்தனை முறை முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்பினார்கள் என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். சிவப்பழகுக் களிம்பு விற்கும் நாட்டில், ஆப்பிரிக்கா என்றதும் மை டப்பா தேடுகிறார்கள். எலும்பு மாலையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் இதுவரை சொன்ன கலபாரி, அசாந்தி, சோசா உடை எதிலும் அது இல்லை, பழைய கேலிச்சித்திரங்களில் உண்டு.

அவர்கள் பிடிவாதம் பிடித்தால், உங்கள் உடைகளை மேடைக்கு அனுப்பாமல் ஆசிரியர்கள் முன்னால் மட்டும் காட்டி மதிப்பெண் வாங்க முடியுமா என்று விதிமுறைகளைப் பார்த்து வையுங்கள். மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். இழை உருவிய துணியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எப்படியும் நல்லது, மேடை விளக்கில் அந்த வேலை யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்புடன்.