மின்சாரத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு ஏன் பணம் தருகிறார்கள்?

இதற்குத் 'தேவை நெகிழ்வு' என்று பெயர். எல்லோரும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும்போது, அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போட்டு அதற்குப் பணமோ கட்டணச் சலுகையோ பெறுவது.

காரணம் எளிது. மின்சாரம் எந்த நொடியில் வேண்டுமோ அந்த நொடியில் உற்பத்தியாக வேண்டும். ஆண்டில் சில மணி நேர உச்சத்துக்காகவே சில மின்நிலையங்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஓடாத நாளிலும் அவற்றுக்குச் செலவு உண்டு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 இலைதான் போட முடியும், 250 பேர் நிற்கிறார்கள். அரைமணி நேரத்துக்காக இன்னொரு கூடம் பிடிப்போமா? "மாமா, நாம அடுத்த பந்தியில உட்காரலாம்" என்று கையில் ஒரு காபியைக் கொடுப்போம். அந்தக் காபிதான் இந்தப் பணம்.

பிரிட்டனில் 2022 நவம்பரில் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. 2023 ஜனவரி 23, கடும் குளிர். மாலை 5 முதல் 6 வரை துணி துவைப்பதை ஒத்திப்போட்ட வீடுகளுக்குப் பணம் கிடைத்தது. சோதனை நாட்களில் குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 3 பவுண்டு வரை மின்தொகுப்பு நிறுவனம் தந்தது. கேட்க அதிகம்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் குறைத்ததற்கு மட்டும்தான் அது.

சரி, இது மின்வெட்டுக்கு இன்னொரு பெயரா? இல்லை. மின்வெட்டு உங்களைக் கேட்டு வருவதில்லை. இதில் சேர்வது உங்கள் விருப்பம்.