உழவர் கேள்வி – பதில்: சோயா மொச்சையில் மஞ்சள் இலை

கேள்வி: ஆடிப்பட்டத்தில் ஒன்றரை ஏக்கரில் சோயா மொச்சை விதைத்தேன். முப்பது நாள் பயிரில் இலைகள் மஞ்சளாகி வருகின்றன. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. வேறு மருந்து அடிக்கலாமா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: இப்போது அடிக்க வேண்டாம், சகோதரி. முதலில் வயலுக்குள் இறங்கி, எந்த இலை எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள். சோயாவில் அதிகம் காணும் மஞ்சள் மூன்று வகை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது.

அடி இலைகள் சீராக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை. ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலை செய்கிறது, வெளிறியிருந்தாலோ முடிச்சே இல்லாவிட்டாலோ வேலை செய்யவில்லை. நுனி இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அடிக்கடி வரும் இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் புதிய இலைகள் தெளியும்.

பச்சையும் பளிச்சென்ற மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால்தான் மஞ்சள் தேமல். இது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். செடிக்குள் புகுந்த வைரஸை அழிக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. இந்த நோய் உளுந்தையும் பாசிப்பயறையும் தாக்குவதால், பக்கத்து வயலில் மஞ்சளாகி நிற்கும் உளுந்திலிருந்தும் உங்கள் வயலுக்கு ஈ வந்திருக்கலாம். பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்தை (சைபர்மெத்ரின் போன்றவை) திரும்பத் திரும்ப அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து வெள்ளை ஈ முன்னிலும் பெருகிவிடும் என்பதால், நீங்கள் அடித்த மருந்தின் பெயரை டப்பாவில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் கண்ட செடிகள் சிலவே என்றால் இன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகளைப் பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து, ஈ தங்கும் இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளியுங்கள்.

உண்மையில் இந்த நோயோடு போராட வேண்டிய காலம் விதைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அடுத்த முறை கிலோ விதைக்கு 10 மில்லி தயாமீதாக்சம் 30 எஃப்.எஸ். (விதை நேர்த்திக்கான திரவப் பூச்சிக்கொல்லி) கலந்து நேர்த்தி செய்தால், முதல் சில வாரங்களில் வெள்ளை ஈயும், தண்டைக் குடையும் தண்டு ஈயும் கட்டுப்படும். பூஞ்சாணக்கொல்லி முதலில், பூச்சிக்கொல்லி அடுத்து, ரைசோபியம் விதைப்பதற்குச் சற்று முன் கடைசியாக என்ற வரிசை மாறக் கூடாது. சோயாவுக்கென்று உள்ள ரைசோபியத்தையே வாங்குங்கள். நிலக்கடலைக்கு விற்கும் பொட்டலம் இதற்கு ஆகாது.

கேள்வி: சென்ற ஆண்டு எடுத்து வைத்த சோயா விதை பாதிதான் முளைத்தது. மண்ணில் குறையா, விதையில் குறையா?
– வாசகர், தாராபுரம்

பதில்: பெரும்பாலும் விதையில்தான். சோயாவின் தோல் மெல்லியது. டிராக்டர் ஏற்றியோ தடியால் ஓங்கி அடித்தோ பிரித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கீறிவிடும். ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் வைத்தாலும் முளைப்புத் திறன் விரைவில் குறையும். விதைப்பதற்குப் பத்து நாள் முன்னதாக நூறு விதைகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்துப் பாருங்கள். எழுபதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை விட்டுவிட்டு வேறு விதை தேடுங்கள்.